பாராமகாலில் மன்றோ

அதியமான்கோட்டை என்றதும் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலைத்தான் எல்லோரும் நினைப்பர். நானோ எங்கள் வட்டாரத்தில் ஏழாண்டுகள் வரிவசூல் பார்த்த தாமஸ் மன்றோவைப் பற்றி எழுத விழைகிறேன்.

1761-இல் கிளாஸ்கோவில் பிறந்த அவர், 1780-இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி வசமானது. கேப்டன் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் அமர்ந்தார் மன்றோ. போருக்குப் போர் கைமாறிய நாடு ஒரே ஆட்சியின்கீழ் வந்தது. நிலத்தை அளந்து, இடைத்தரகரின்றி உழவன் பெயரிலேயே வரி விதிக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அவர் போனபின் கம்பெனி இதே நிலங்களை மிட்டாக்களாக்கி ஏலம் விட்டது வேறு கதை!

வரியோ கடுமை. கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் அதைக் கால்பங்கு குறைக்குமாறு 1807-இல் மன்றோ எழுதினார், மேலிடம் இசையவில்லை. ஆட்சி ஒன்றாயிற்று, ஆனால் ஆள்வோரைத் தட்டிக்கேட்கும் உரிமை உழவனுக்கு வரவில்லை. 1816-இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் பெற்றுத்தந்தது அவர் செய்த நன்மை. 1820-இல் சென்னை கவர்னரானார். 1827 ஜூலை 6-இல் பத்திகொண்டாவில் காலராவுக்கு இரையானார்.

1920 தேர்தலில் ஓட்டுரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே கிட்டியது. நாட்டுப்புறத்தில் அதற்கு மன்றோவின் பட்டாவே பெரிதும் சான்றாயிற்று. என் பாட்டனாரின் தந்தை பிறர் நிலத்தில் ஏர் பிடித்தவர்; எந்தப் பட்டாவிலும் அவர் பெயர் இல்லை. அவர் வாக்குச்சாவடிக்குப் போனது 1952-இல்தான்.