கொசுவின் வயிற்றுக்குள் தேடியவர்

காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், நர்ஸ் அக்கா முதலில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி வைப்பார். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் இருக்கிற நமக்கு இது புதுசு இல்லை. ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. அந்தக் கிருமி கொசு வழியாகப் பரவுகிறது என்று நிரூபித்தவர் ரொனால்டு ராஸ். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிதான். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

ராஸ் 1857 மே 13 அன்று இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. எட்டு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஓவியம் வரையணும், கவிதை எழுதணும் என்றுதான் ஆசை. அப்பாவோ டாக்டராகத்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டார். (இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் போல!) 1881ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம்ம மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். இங்கே வேலை குறைவாக இருந்ததால் கணக்குப் புத்தகங்களை வாங்கித் தானே படித்தார். அப்போது விளையாட்டாகப் படித்த கணக்கு பின்னாடி எதற்கு உதவியது என்று கடைசியில் சொல்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது அவர் பங்களாவில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்து, தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்துபோச்சு. ஆனால் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

1880லேயே லாவரன் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பார்த்துவிட்டார். அது ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் தெரியவில்லை. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் ரொம்பப் பேர் நம்பினார்கள். லண்டனில் இருந்த டாக்டர் மான்சன் கொசுமேல் சந்தேகப்பட்டார். ரத்தம் குடித்த கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு நோய் வருகிறது என்பது அவர் எண்ணம். 1894ல் ராஸ் அவரைச் சந்தித்து, அடுத்த வருஷம் செகந்திராபாத்துக்கு வந்து தேட ஆரம்பித்தார்.

முதலில் மான்சன் சொன்னபடியே, கொசு செத்துக் கிடந்த தண்ணீரை லட்சுமணன் என்பவருக்குக் குடிக்கக் கொடுத்தார். அவருக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. ரத்தத்தில் கிருமி இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தக் காலத்தில் ஒரு டாக்டர் அப்படிச் செய்ய முடியாது. அவர் சம்மதித்துத்தான் குடித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் துரை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அந்தக் காலத்தில் எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

அதுக்கப்புறம் இரண்டு வருஷம் ஒரே வேலைதான். கொசுவைப் பிடி, அறு, பார். ஒன்றும் இல்லை. மறுபடியும் பிடி, அறு, பார். கொசுவின் வயிறு எவ்வளவு சின்னது! அதை ஊசியால் பிரித்து நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்க்கணும். செகந்திராபாத் வெயிலில் பங்கா போட முடியாது, காற்றில் அறுத்த கொசு பறந்துவிடும். நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்துப் போயின. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியிலும் விரிசல். 1897ல் லீவுக்கு ஊட்டி பக்கம் போனவர், கீழே சீகூர் மலைப்பாதையில் தங்கியிருந்தபோது அவருக்கே மலேரியா வந்தது.

இத்தனை நாள் அவர் அறுத்தது எல்லாம் வேறு ஜாதிக் கொசு. சாம்பல் நிறக் கொசு, வரிக் கொசு இவற்றில் மனுஷ மலேரியாக் கிருமி வளராது. 1897 ஆகஸ்டில் சிறகில் புள்ளி புள்ளியாக இருந்த வேறு வகைக் கொசு கிடைத்தது. அதுதான் நாம் படிக்கிற அனாபிலிஸ். அவற்றைப் புழுவிலிருந்தே பாட்டிலில் வளர்த்தார்கள். ஏன் தெரியுமா? வெளியில் பிடித்த கொசு யாரை யாரையெல்லாம் கடித்திருக்குமோ! பாட்டிலில் பிறந்த கொசு யாரையும் கடித்திருக்காது. அதன் வயிற்றில் எது இருந்தாலும் அது இந்த நோயாளியிடமிருந்து வந்ததுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

அந்த நோயாளியின் பெயர் உசேன் கான். ஆகஸ்ட் 16 அன்று அவரைக் கொசுவலைக்குள் படுக்கவைத்துக் கொசுக்களை உள்ளே விட்டார்கள். கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி. மொத்தம் பத்து அணா வாங்கினார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எங்க அப்பத்தா சொல்லும். அப்போ அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை.

நாள் ஆக ஆகக் கொசுக்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. ஆகஸ்ட் 20 அன்று மிச்சம் இருந்ததில் ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்ட வட்டமாக ஏதோ இருந்தது. அதற்குள் கறுப்புத் துகள்கள். மலேரியா நோயாளியின் ரத்தத்தில் இருக்கிற அதே கறுப்பு! மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தபோது அந்த வட்டங்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. அப்படியென்றால் அது உயிருள்ளது, வளர்கிறது. ஆகஸ்ட் 20ஐ இப்போதும் உலகக் கொசு நாள் என்கிறார்கள்.

இனி மீதியையும் கண்டுபிடித்துவிடலாம் என்று இருந்தவரை அடுத்த மாதமே ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மலேரியாவே ரொம்பக் குறைவு. பாவம். 1898ல் கல்கத்தாவுக்குப் போன பிறகு பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்து ஆராய்ந்தார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசு வளர்க்கவும் பறவைகளைப் பார்த்துக்கொள்ளவும் கூட இருந்தார். அந்த ஜூலையில் கிருமி கொசுவின் எச்சில் சுரப்பியில் வந்து நிற்பதை ராஸ் பார்த்தார். அந்தக் கொசு கடித்த நல்ல குருவிகளுக்கும் நோய் வந்தது. கொசு குத்தும்போது எச்சிலோடு கிருமியும் உள்ளே போகிறது. தண்ணீர் குடிப்பதால் இல்லை. அதே வருஷம் இத்தாலியில் கிராசி என்பவர் மனுஷ மலேரியாவில் இதைக் காட்டினார். யார் முதலில் என்று ராஸ் அவரோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டார். அது அவருக்கு அழகில்லை என்பது என் கருத்து. 1902ல் நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது.

இப்போ கணக்குக்கு வருகிறேன். 1907ல் ராஸ் மொரீசியஸ் தீவுக்குப் போனார். நம் தமிழ் ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிக்குப் போன அதே தீவுதான். அங்கே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, எந்த ஊரில் எவ்வளவு நோய் என்று எண்ணினார்கள். கொசு முழுவதையும் ஒழிக்கவே முடியாது, எதற்கு இந்த வீண் வேலை என்று அப்போது பலர் கேட்டார்கள். ராஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நோயாளியை எத்தனை கொசு கடிக்கும், அதில் எத்தனை கிருமி முற்றும்வரை உயிரோடு இருக்கும், அவை எத்தனை பேரைக் கடிக்கும்? ஒரு நோயாளியால் சராசரியாக ஒரு ஆளுக்கும் குறைவாகத்தான் நோய் போகிறது என்றால், அது தானாகவே தேய்ந்துபோகும். கொசுவை ஒரு அளவுக்குக் கீழே கொண்டுவந்தாலே போதும். ஆனால் மறுபடியும் அந்த அளவைத் தாண்டிவிட்டால்?

நமக்கு எதிர்க்கரையில், இலங்கையில் இது நடந்தது. 1963ல் அந்த நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. போய்விட்டது என்று மருந்து அடிப்பதைக் குறைத்தார்கள். 1968, 69ல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்தது. திரும்ப விடாமல் வேலை செய்து 2016ல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள்.

ராஸ் 1932 செப்டம்பர் 16 அன்று லண்டனில் இறந்தார். உசேன் கானுக்கும் முகமது பக்ஸுக்கும் பாடப்புத்தகத்தில் வரி இல்லை என்பதால் இங்கே எழுதிவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும். மலேரியாக் கொசு சாக்கடையில் வளர்கிறது என்று நம் வகுப்பில் பாதிப் பேர் நினைக்கிறோம். அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர். கிணறு, ஊத்து, மாடித் தொட்டி எல்லாம் அதற்கு வசதிதான். அதன் புழு தண்ணீர் மேலே கிடையாகப் படுத்திருக்கும், சாக்கடைக் கொசுப் புழு தலைகீழாகத் தொங்கும். எங்க தெருவில் மூடி இல்லாத தொட்டியை எண்ணிக்கொண்டு வருகிறேன். இதுவரை ஒன்பது. இரண்டில் புழு இருக்கிறது, இரண்டும் கிடையாகத்தான் படுத்திருக்கு. இன்னும் மேற்குப் பக்க வீடுகள் பாக்கி.