உழைப்பாளிகளைச் செப்புத் தகட்டில் எழுதியவர்

ஏற்காட்டுக்குப் போகும் பிரயாணிகள் ஏரியைப் பார்ப்பார்கள். லேடீஸ் சீட்டில் நின்று, கீழே தெரியும் சேலம் நகரைப் பார்ப்பார்கள். சேர்வராயன் கோயிலுக்கும் போய் வருவார்கள். ஆனால் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணையும், தலைச்சுமையோடு சந்தைக்கு வரும் மலைவாசியையும் நின்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

அந்நாளைய சித்திரக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள். 1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் பழைய சேலம் ஜில்லாப் பக்கம் வந்தார்கள். ராயக்கோட்டை மலையை அற்புதமாக எழுதினார்கள். அவர்களுடைய இயற்கைக் காட்சிகளில் மனிதர்கள் பெரும்பாலும் சிறு உருவங்கள்தாம். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அத்தகைய படங்களே பிடித்திருந்தன.

அதே காலத்தில் கல்கத்தாவில் இதற்கு நேர்மாறான காரியத்தில் இறங்கினார் ஒருவர். அவர்தான் பால்தசார் சோல்வின்ஸ்.

இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரில் 1760-ல் பிறந்தவர் இவர். கப்பல்களையும் துறைமுகங்களையும் எழுதிப் பழகியவர். 1791-ல் பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தார். பல்லக்குகளுக்கும் கோச்சு வண்டிகளுக்கும் வர்ணம் தீட்டி வயிறு வளர்த்தார். பிறகு, வங்காள மக்களின் வாழ்க்கையை 250 படங்களில் காட்டுவது என்று தீர்மானித்தார்.

உழவர், இடையர், நெசவாளர், குயவர், கருமார், செம்படவர் எல்லோரும் அவர் படத்தில் இடம் பெற்றார்கள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் கீறி, திராவகத்தில் இடுவார்கள். கீறிய கோடுகளை மட்டும் திராவகம் அரிக்கும். அதில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினால் படம் கிடைக்கும். 'எட்சிங்' என்னும் இந்த முறையில் உழவனுடைய உருவத்தைப் படம் நிறைய, முன்னால் நிறுத்தினார் சோல்வின்ஸ்.

1799-ல் கல்கத்தாப் பதிப்பு வெளிவந்தது. வாங்குவாரில்லை! படங்கள் கரடுமுரடாக இருப்பதாகத் துரைமார்கள் முகம் சுளித்தார்கள். 1803-ல் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டிலேயே, லண்டன் பிரசுரகர்த்தர் எட்வர்ட் ஆர்ம் என்பவர் அவருடைய படங்களில் 60-ஐ எடுத்து, மெருகேற்றி, அவர் அனுமதியின்றி வெளியிடத் தொடங்கினார். உழைப்பு ஒருவருடையது, லாபம் வேறொருவருக்கு!

சோல்வின்ஸ் மனம் தளரவில்லை. மனைவியின் செல்வத்தின் துணையோடு மறுபடியும் தகடுகளைத் தம் கையாலேயே கீறினார். 1808 முதல் 1812 வரை பாரிஸில் நான்கு பெரிய தொகுதிகள், 288 படங்களோடு வெளிவந்தன. அப்போது நெப்போலியனின் யுத்தங்களால் ஐரோப்பா கொந்தளித்துக்கொண்டிருந்தது. விலையுயர்ந்த அந்தப் புத்தகமும் நஷ்டத்தில் முடிந்தது. கடைசியில், பிறந்த ஊரிலேயே துறைமுக அதிகாரியாக உத்தியோகம் பார்த்து, 1824-ல் காலமானார்.

அவர் படங்களிலும் ஒரு குறை உண்டு. சாதியையும் தொழிலையும் குறித்தாரே தவிர, எதிரே நின்றவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் குறிக்கவில்லை. ஆனாலும் அன்றைய ஏர், தறி, ஓடம், உடை எப்படி இருந்தன என்று அறிய இன்று சரித்திர ஆசிரியர்கள் அவரையே நாடுகிறார்கள். வாத்தியங்களுக்கென்று அவர் எழுதிய 36 படங்கள் இசை ஆராய்ச்சியாளர்களுக்குப் பொக்கிஷமாக விளங்குகின்றன.

அரசர்களை எழுதியவர்களுக்குப் பரிசு கிடைத்தது. உழைப்பாளிகளை எழுதிய சோல்வின்ஸுக்குக் கிடைத்தது நஷ்டம். ஆனால் அவர் எழுதியிராவிட்டால், அந்த உழைப்பாளிகளை நாம் இன்று எங்கே பார்ப்பது?