சார்லஸ் பாபேஜ்

புள்ளிவிவரக் கணக்குப் பயிலும் மாணவர் பலர், தாம் கணிப்பொறியில் இட்ட எண்ணும் அது திருப்பிக் காட்டும் எண்ணும் கடைசி இலக்கங்களில் ஒவ்வாதிருக்கக் கண்டு மயங்குவதுண்டு. எண்ணொன்று ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் செல்லுங்கால் சிதைவுறுதல் இக்காலத்தில் தோன்றிய குற்றமன்று. அதனைக் களையும் பொருட்டே தம் வாழ்நாளைச் செலவிட்ட சார்லஸ் பாபேஜ் என்பாரின் சரிதையை இங்குச் சுருக்கி வரைவாம்.

இவர் 1791-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் கணிதம் பயின்றார். 1821-ஆம் ஆண்டில் இவரும் இவர் நண்பராகிய ஜான் ஹெர்ஷலும், இருவேறு கணக்கர் தனித்தனியே கணித்த வானநூல் அட்டவணைகளை ஒப்புநோக்கினர். ஒவ்வாத இடங்கள் வரவரப் பெருகவே சலிப்புற்ற பாபேஜ், இவற்றை நீராவி கணித்துத் தரலாகாதா என வாய்விட்டுக் கூறினார் என்பர். மாலுமிகள் அட்டவணைகளை நம்பிக் கலம் செலுத்திய காலம் அது. கணிப்பவர், படியெடுப்பவர், அச்சுக்கோப்பவர் என மூவர் கைகளைக் கடந்தே ஓரெண் அவர்களை அடைந்தது. ஒவ்வொரு கையும் பிழைக்கு ஒரு வாயில்.

இவ்வாயில்கள் மூன்றையும் ஒருங்கே அடைக்கக் கருதி, தானே கணித்துத் தானே அச்சும் பதிக்கும் வித்தியாச யந்திரம் ஒன்றை அவர் வகுத்தார். 1, 4, 9, 16 எனும் வர்க்கங்களின் வித்தியாசங்கள் 3, 5, 7. அவற்றின் வித்தியாசமோ எப்பொழுதும் 2. ஆதலின் கூட்டல் ஒன்றாலேயே அட்டவணை முழுவதும் பெறலாம். ஆயினும் இதில் ஓர் அபாயமுண்டு. இரண்டாம் வித்தியாசத்தைக் குறுக்கி எழுதுங்கால் கடைசி இலக்கத்தில் ஒன்று தவறினும், நூறு படி சென்றபின் அத்தவறு 4,950 ஆகப் பெருகிவிடும். 1847 முதல் 1849 வரை அவர் வரைந்த இரண்டாம் யந்திரத்தில் ஓரெண்ணுக்கு 31 இலக்கங்கள் இடம்பெற்றமை வீண் ஆடம்பரமன்று.

நம் கணிப்பொறிகள் வழக்கமாக ஓரெண்ணுக்கு அளிப்பது 53 இரும இலக்கங்களே. தசமத்திற் கூறின் ஏறக்குறைய 16. மேலும், பாபேஜின் சக்கரங்கள் தசம முறையிற் சுழல்வன, அவற்றில் 0.1 என்பது 0.1 ஆகவே நிற்கும். இரும முறையில் அது முடிவிலாது நீளுதலின், எங்கேனும் வெட்டப்பட்டே தீரும். இந்த ஓரம்சத்தில் அவர் சக்கரமே மேலானது என்பேன். 18 இலக்கமுள்ள குடும்ப அடையாள எண்களை எண்ணாகவே உள்ளிட்டால், கடைசி இலக்கங்கள் மாறி, இரு குடும்பங்கள் ஒன்றாய்விடவுங் கூடும். எழுத்துத் தொடராக உள்ளிடின் அக்கேடில்லை.

பாபேஜின் வாழ்வு துயர் மிகுந்தது. 1827-ஆம் ஆண்டில் மனைவியை இழந்தார். முதல் யந்திரத்தைச் செய்துவந்த ஜோசப் கிளமென்டுக்கும் அவருக்கும் பணம்பற்றிப் பிணக்குண்டாகி 1833-இல் வேலை நின்றது. ஏறத்தாழ 17,000 பவுன் செலவிட்ட ஆங்கில அரசாங்கத்தார் 1842-இல் முற்றும் கைவிட்டனர். அவரும் பிணக்கை விரும்பாதவர் அல்லர். யந்திரம் எதனையும் முழுவுருவிற் காணாமலே 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 18-இல் காலமானார்.

இலண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையார் அவர் வரைபடங்களைக் கொண்டே இரண்டாம் யந்திரத்தின் கணிக்கும் பாகத்தை 1991-இற் செய்து முடித்தனர். கைப்பிடியைச் சுழற்ற, அது 31 இலக்கங்களும் வழுவாது கணித்தது. அச்சுப் பாகமும் பின்னர்ச் சேர்க்கப்பெற்றது.