பசுவைக் கொடாது ஊர் துறந்த ஞானப்பிரகாச முனிவர்

ஈழவள நாட்டிலே சைவமும் தமிழும் தழைக்க உழைத்த பெரியார்களுள் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானை அறியாதார் இலர். நாவலருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்னர் வாழ்ந்த திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவரையோ பெயரளவில் அறிந்தவர்களே மிகுதி. நல்லூரில் வாழ்ந்த கத்தோலிக்க அறிஞரான சுவாமி ஞானப்பிரகாசர் (1875 - 1947) வேறு, இம்முனிவர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவோர் இன்றும் உளர்.

முனிவர் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பெரிய சந்தையும் இருக்கும் அதே ஊர்தான். அக்காலத்தில் வயலும் தோட்டமும் மாட்டுப்பட்டியுமாக இருந்த ஊர். பசு அங்கே வெறும் சொத்து அன்று. விடியற்காலையில் பாலும், தோட்டத்துக்கு எருவும், பூசைக்குத் திருநீறும் அதனாலேயே கிடைத்தன. வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெயர் சொல்லி அழைத்து வளர்த்த சீவன் அது.

1619ஆம் ஆண்டிலே பிலிப் தெ ஒலிவேரா என்னும் தளபதியின் தலைமையில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். கடைசி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தலைமையின் கீழே யாழ்ப்பாணம் ஆளப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வரும்வரை நீடித்த அவ்வாட்சியிலே சைவ மக்கள் தங்கள் சமயத்தை வீட்டுக்குள்ளேயே மறைத்துக் காத்தார்கள். விரத நாளில் உண்ட வாழையிலையை எவர் கண்ணிலும் படாமல் கூரையிறப்பிலே செருகி வைத்தார்கள் என்பதை எமது பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் பலர்.

அந்நாளிலே பறங்கி அதிகாரியின் உணவுக்காக ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்து ஒவ்வொரு பசுவைக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை இருந்தது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. முறை ஞானப்பிரகாசர் வீட்டுக்கு வந்தது. விடிந்தால் பசுவை ஒப்படைக்க வேண்டும். அவரை எவரும் கத்தி எடுக்கச் சொல்லவில்லை. இறைச்சி தின்னச் சொல்லவுமில்லை. கட்டையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மற்றவன் கையிலே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரிலே மற்றவர்கள் நெஞ்சம் பதைக்கப் பதைக்க அதைச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் இயலாது. கொடாதவனுக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஞானப்பிரகாசர் கொடுக்கவில்லை. அன்றிரவே வீட்டையும் காணியையும் சுற்றத்தையும் விட்டுப் புறப்பட்டுக் கடல் கடந்து பாரத நாடு சேர்ந்தார்.

இதைக் கேட்கும்போது சிலருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஒருவர் ஊரை விட்டுப் போனதால் ஓர் அரசின் சமையலறை மூடப்பட்டு விடுமா? அடுத்த வீட்டுப் பசு கொண்டு செல்லப்பட்டிருக்குமே? உண்மைதான். அந்தக் கொடுமையை நிறுத்தும் வல்லமை ஒரு குடியானவருக்கு இருக்கவில்லை. தன் கை அதிலே படாமல் வைத்துக்கொள்ளும் வல்லமை மட்டுமே இருந்தது. அதற்கு அவர் கொடுத்த விலையோ தன் ஊர். கொல்பவன் மட்டுமன்றி, கொல்லக் கொடுப்பவனும், விற்பவனும், உண்பவனும் அந்தப் பாவத்திலே பங்காளிகள் என்று சைவ நூல்கள் கூறுகின்றன. வாங்கித் தின்பவர் இல்லையேல் கொன்று விற்பவரும் இல்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்திலே தெளிவாக வைத்திருக்கிறார். படித்தவர் பலர், அதற்காக ஓரிரவில் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனவர் இவர்.

பாரத நாட்டிலே முனிவர் வடக்கே கௌட தேசம் வரை சென்றார். அங்கே அந்தணர் ஒருவர் தம் மாணாக்கருக்கு வடமொழி நூல்களைப் பாடஞ் சொல்ல, இவர் ஒதுங்கி நின்று கேட்டு வந்தார் என்றும், ஒருநாள் மாணாக்கர் விடை கூற மாட்டாது விழித்தபோது இவர் விடை கூற, ஆசிரியர் வியந்து அருகழைத்துக் கற்பித்தார் என்றும் கூறுவர். பின்னர் தெற்கே வந்து திருவண்ணாமலை ஆதீனத்தில் துறவு பூண்டு, சிதம்பரத்திலே தங்கினார். சிவஞானபோத விருத்தி, பௌஷ்கர ஆகம விருத்தி, பிரமாண தீபிகை, சிவயோக சாரம், சிவயோக ரத்தினம் முதலிய நூல்களை வடமொழியிலே இயற்றினார். சிவயோக ரத்தினம் 1975இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு புதுச்சேரியில் அச்சாயிற்று. இந்நூல்களால் அவர் சாலிவாடி ஞானப்பிரகாசர் என்று அறியப்படுகிறார். சாலி என்றால் நெல்; வாடி என்றால் வேலி. விட்டு வந்த ஊர்ப்பெயர் வடமொழியிலும் அவரை விட்டுப் போகவில்லை.

தமிழிலே அவர் செய்த பெரும்பணி சிவஞான சித்தியார் சுபக்கத்துக்கு எழுதிய உரை. அறுவர் உரை என்று போற்றப்படும் ஆறு உரைகளுள் அதுவும் ஒன்று. முத்தியிலே ஆன்மா சிவனுக்குச் சமமாகும் என்ற அவரது கொள்கையைப் பின்னாளில் சிவஞான முனிவர் சிவசமவாதவுரை மறுப்பு என்னும் நூலால் கடுமையாக மறுத்தார். அந்த வாதம் கற்றோர்க்குரியது. இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லோரும் அறிய வேண்டிய ஒரு பகுதி சித்தியாரிலே உண்டு. உயிர்கள் முட்டையிலும், வியர்வையிலும், நிலத்தைப் பிளந்து முளைக்கும் வித்திலும், கருப்பையிலும் என நால்வகையாகப் பிறக்கின்றன. அவற்றின் யோனிபேதம் எண்பத்துநான்கு நூறாயிரம். மானிடப் பிறவி அவற்றையெல்லாம் கடந்து அரிதாக வாய்ப்பது என்று அருணந்தி சிவாசாரியர் அங்கே விளக்குகிறார். வியர்வையில் பிறப்பன என்றது பேன், கிருமி முதலியவற்றை. பசுவுக்காக ஊரை விட்டவர் இந்தப் பகுதிக்கும் உரை எழுதியிருக்கிறார் என்பது நினைக்கத்தக்கது. பசுவிலிருந்து புழு வரை அந்த நூலின்படி ஒரே கணக்குத்தான். எங்கள் வீடுகளிலோ மாட்டிறைச்சி என்றால் காதைப் பொத்திக்கொள்வோம். ஆடு, கோழி, நண்டு, இறால் என்றால் அந்தப் பதைப்பு வருவதில்லை. நல்லூர்க் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை கொழும்பிலும் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் குடும்பங்கள் பல. திருவிழா முடிந்த மறுநாள் அதே சட்டி அடுப்பிலே ஏறுகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடியில் வாழும் எங்களிடம் பறங்கி அதிகாரி வந்து பசுக் கேட்பதில்லை. கோழியை யார் அறுத்தார் என்று நாங்களும் கேட்பதில்லை. நுளம்புக்கு மருந்தடிப்பது டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சி. அது வேறு விடயம். சாமியறைப் படியிலே ஊரும் எறும்பைத் துடைப்பத்தால் ஒதுக்கிவிட ஒரு நிமிடம் போதும். முன்னோர் வாசலிலே அரிசிமாவாற் கோலமிட்டதும் எறும்புக்கு உணவாகட்டும் என்றுதான்.

சிதம்பரத்திலே முனிவர் ஒரு திருக்குளம் வெட்டுவித்தார். ஞானப்பிரகாசம் குளம் என்று அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. மார்கழித் திருவாதிரைக்கும் ஆனி உத்தரத்துக்கும் ஈழத்திலிருந்து செல்லும் அடியார்கள் அதைக் காணலாம்.

முனிவரின் மரபிலே தோன்றியவராகச் சொல்லப்படும் நாவலர் பெருமான் (1822 - 1879), கோயில்களிலே ஆடும் கோழியும் பலியிடும் வழக்கத்தைக் கண்டித்துப் பேசியும் எழுதியும் வந்தார். முனிவர் காலத்திலே கத்தி அந்நியன் கையில் இருந்தது. நாவலர் காலத்திலே அது சைவர்களின் கையிலேயே, அதுவும் கோயில் வீதியிலேயே இருந்தது. ஆகையால் நாவலருக்குப் பகைவர்கள் சொந்த ஊரிலேயே கிடைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய பாலபாடம் நான்காம் புத்தகத்திலே கொலைக்கு ஒரு பாடமும் புலாலுண்ணலுக்கு ஒரு பாடமும் தனித்தனியே வைத்தார். 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையையும் நிறுவினார். ஊரை விட்டு ஓரிரவில் வந்த முனிவர் வெட்டிய குளம் இருக்கும் அதே சிதம்பரத்திலே, யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் பள்ளிக்கூடமும் அப்படித்தான் எழுந்தது.