ஐந்து ஓட்டில் ஜெயித்த தாதாபாய் நௌரோஜி

இந்தியாவை வெள்ளைக்காரர் ஆண்ட காலம். இந்தியாவுக்கான பெரிய முடிவுகள் எல்லாம் லண்டன் பார்லிமெண்டில் எடுக்கப்பட்டன. அந்தப் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட, இந்தியாவில் வாழ்ந்த யாருக்கும் உரிமை கிடையாது.

அப்போது ஒரு இந்தியர் லண்டனுக்கே போய், வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். அவர்தான் தாதாபாய் நௌரோஜி. முதல் தேர்தலில் நின்றபோது அவருக்கு வயது அறுபது. அந்த வயதில் அவருக்கு ஏன் இந்த ஆசை?

தாய் கொடுத்த படிப்பு

தாதாபாய் 1825-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி பிறந்தார். தந்தை பார்சி மதப் புரோகிதர். மகனுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய் மாணிக்பாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

படிப்பு இலவசமாகக் கிடைத்தது. பொதுப் பணத்தில் படித்தவன் பொதுமக்களுக்கு உழைக்கக் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் அப்போதே தாதாபாய் மனதில் பதிந்தது.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே பேராசிரியரான முதல் இந்தியர் அவரே. நண்பர்களோடு சேர்ந்து பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார்.

1855-ல் வியாபாரப் பங்காளியாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கம்பெனி அபினி, மது வியாபாரத்திலும் பணம் பார்த்தது. அவர் மனம் அதற்கு இடம் தரவில்லை. விலகி, சொந்தமாகப் பருத்தி வியாபாரம் தொடங்கினார்.

இருபது ரூபாய்க் கணக்கு

கணிதப் பேராசிரியர் அல்லவா? இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். சர்க்கார் அச்சடித்த புத்தகங்களையே எடுத்துக்கொண்டார். நாட்டின் விளைச்சலையும் மற்ற உற்பத்தியையும் கூட்டினார். அதை ஜனத்தொகையால் வகுத்தார்.

ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் என்று விடை வந்தது! ஜெயிலில் இருக்கும் கைதியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகும் செலவுகூட அதைவிட அதிகம் என்று காட்டினார்.

பணம் எங்கே போயிற்று? வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் சம்பளமாகவும் பென்ஷனாகவும் பல செலவுகளாகவும் ஆண்டுதோறும் கடல் கடந்து போயிற்று.

இதைக் கூட்டங்களில் பேசினார். கட்டுரைகள் எழுதினார். மனுக்கள் அனுப்பினார். பலன் இல்லை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டால் உள்ளே இருப்பவர் காதில் விழாது, உள்ளே போய்த்தான் கேட்கவேண்டும் என்று முடிவு செய்தார். அவர் தேர்தலில் நின்ற காரணம் இதுதான்.

தோல்வியும் வெற்றியும்

1886-ல் லிபரல் கட்சி சார்பில் ஹோல்பர்ன் தொகுதியில் நின்றார். அவருக்கு 1,950 ஓட்டு. எதிரிக்கு 3,651 ஓட்டு. தோற்றார். ஆனால் துவளவில்லை.

1888-ல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு அந்தத் தோல்வியைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினார். ஒரு கறுப்பு மனிதரை ஆங்கிலேயர் தேர்ந்தெடுக்கும் காலம் வரவில்லை என்ற கருத்தில் பேசினார். இது பல ஆங்கிலேயருக்கே பிடிக்கவில்லை. தாதாபாயின் பெயர் நாடெங்கும் பரவியது!

1892-ல் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் மறுபடி நின்றார். அயர்லாந்தின் சுயாட்சிக்காகவும் பெண்களின் ஓட்டுரிமைக்காகவும் அவர் குரல் கொடுத்தவர். இந்தத் தடவை ஜெயித்தார். எத்தனை ஓட்டில் தெரியுமா? ஐந்தே ஓட்டில்!

தன் மதத்தின் புனித நூலைக் கையில் வைத்துப் பார்லிமெண்டில் பிரமாணம் எடுத்தார்.

உள்ளே போய்க் கண்டது

ஐ.சி.எஸ். பரீட்சை இங்கிலாந்தில்தான் நடந்தது. இந்தியாவிலும் அதே சமயத்தில் நடத்தவேண்டும் என்ற தீர்மானம் 1893-ல் பார்லிமெண்டில் நிறைவேறியது. தாதாபாய்க்கு அது பெரிய வெற்றி. ஆனால் சர்க்கார் அதை அமல் நடத்தவில்லை. தீர்மானம் காகிதத்தோடு நின்றது.

1895-ல் அவர் தொகுதியை இழந்தார். இருந்தாலும் இந்தியாவின் வரவு செலவை ஆராய அமைத்த வெல்பி கமிஷனில் அவருக்கு இடம் கிடைத்தது. இருபது ரூபாய்க் கணக்கை ஆட்சியாளர் முன்னாலேயே வைத்து வாதாடினார்.

கதவுக்கு உள்ளே போயும் நியாயம் முழுதாகக் கிடைக்கவில்லை. வீடே நம்முடையதாக இருந்தால்தான் கணக்கும் நம் கைக்கு வரும் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். 1906-ல் கல்கத்தா காங்கிரசுக்கு மூன்றாம் தடவையாகத் தலைமை தாங்கினார். வயது 81. சுயராஜ்யமே நம் லட்சியம் என்று அந்த மேடையில் அறிவித்தார்.

1917-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி தாதாபாய் காலமானார். சுதந்திரம் வர இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. அந்தச் சுதந்திரத்துக்குப் பிறகு, அவருடைய தாயைப்போல எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பெண்களும் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை பெற்றார்கள். ஓட்டுக் கேட்க இனி யாரும் லண்டனுக்குப் போகவேண்டியது இல்லை.