வயரை அச்சடித்தவர்

கெட்டுப்போன ரேடியோவையோ டி.வி. ரிமோட்டையோ பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு அட்டை இருக்கும். அதன்மேல் எறும்புச் சாரி போல மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள்தான் வயர்! இதற்குப் பெயர் சர்க்யூட் போர்டு. இவருக்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனாலும் இதன் தந்தை என்று பலரும் சொல்வது பால் ஐஸ்லரைத்தான்.

ஐஸ்லர் 1907 ஆகஸ்ட் 3-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1930-ல் இன்ஜினீயரிங் முடித்தார். யூதர் என்பதால் சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. பெல்கிரேடு போய், ரயில் பயணிகள் ரேடியோ கேட்க வழிசெய்யும் வேலையில் சேர்ந்தார். அந்தத் திட்டத்துக்கான தொகை பணமாக வராமல் தானியமாக வந்ததாம்! அந்த வேலையும் நின்றது. வியன்னா திரும்பிப் பத்திரிகைகளில் எழுதினார், அச்சுத்தொழிலும் கற்றுக்கொண்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1936-ல் பிழைப்புத் தேடி லண்டன் வந்தார். அந்தக் காலத்து ரேடியோவில் ஒவ்வொரு வயரையும் கையால் வெட்டி, கையால் பற்றவைக்க வேண்டும். ஒரு வயர் மாறிப்போனால் போச்சு! பேப்பரை அச்சடிக்கிற மாதிரி வயரையும் அச்சடித்தால் என்ன என்று ஐஸ்லர் யோசித்தார். மின்சாரம் பாயாத பலகையில் மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டினார். வேண்டிய கோடுகளை மட்டும் மையால் மூடி, செம்பை அரிக்கிற கரைசலில் போட்டார். மை இல்லாத இடமெல்லாம் கரைந்துபோக, கோடுகள் மட்டும் நின்றன. வாடகை அறையிலேயே இப்படி ஒரு ரேடியோ செய்துவிட்டார்!

அதை பிளெஸ்ஸி கம்பெனிக்குக் காட்டினார். அவர்களோ வேண்டாம் என்றுவிட்டார்கள். வயர் பற்றவைக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் கூலி அதைவிட மலிவாம்!

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஹிட்லருக்குத் தப்பி வந்தவரையே எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு பிடித்து அடைத்தது. 1941-ல்தான் விட்டார்கள். அப்புறம் ஓர் அச்சகக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார் பாவம். கண்டுபிடிப்பின் உரிமை கம்பெனிக்குப் போய்விட்டது! 1943-ல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார்கள். முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது அமெரிக்கா. பறந்து வரும் குண்டுகளை வானத்திலேயே தகர்க்கும் பீரங்கிக் குண்டுகளுக்குள் இந்த முறை போனது. 1963-ல் அமெரிக்கக் கோர்ட்டில் காப்புரிமை வழக்கும் தோற்றது. ஐஸ்லர் 1992 அக்டோபர் 26-ல் லண்டனில் இறந்தார்.

அவருடைய கோடுகள் விளையாட்டு மெஷினுக்குள்ளும் போயின. பின்பால் என்று ஒன்று உண்டு. கண்ணாடி மூடிய சாய்வு மேஜை, உள்ளே உருளும் எஃகுக் குண்டு, அதைத் தட்டிவிட இரண்டு சின்ன மட்டைகள். முன்பெல்லாம் அதன் வயிறு முழுக்க வயர்க் கட்டுதான். 1977 வாக்கில் அமெரிக்காவின் பாலி, வில்லியம்ஸ் கம்பெனிகள் போர்டு வைத்த பின்பால்களை விற்க ஆரம்பித்தன. கரன்ட் போனாலும் ஸ்கோர் அழியாமல் இருக்க, பாலி போர்டிலேயே ஒரு பேட்டரியைப் பற்றவைத்தார்கள். அதுதான் வினை! வருஷக்கணக்கில் கிடந்த பேட்டரி கசிந்து, காரம் வழிந்து, கோடுகளில் களிம்பு ஏறி, செம்பையே தின்றுவிடும்.

பழைய மெஷின் பிரியர்கள் இந்தப் போர்டைத் தூக்கி எறிவதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, காரம் முறிய வினிகரால் தேய்த்து, கழுவிக் காயவைக்கிறார்கள். களிம்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். கோடு அறுந்த இடத்தில், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு மெல்லிய வயரை வைத்துப் பற்றவைக்கிறார்கள். ஆமாம், ஐஸ்லர் ஒழித்துக்கட்டிய அதே வயர்தான்! அப்புறம் மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைப்பார்கள். பீப் என்று சத்தம் வந்தால்தான் போர்டு மெஷினுக்குள் திரும்பப் போகும்.