வடிகட்டியில் நின்றவை

நம்ம காலேஜில் பயோடெக் படிக்கிறவர்களுக்கு 0.2 மைக்ரான் ஃபில்டர் நல்ல பழக்கம். பாக்டீரியா மேலே நின்றுவிடும், வைரஸ் கீழே இறங்கிவிடும், அவ்வளவுதான் என்று படித்திருப்பீர்கள். இந்த நம்பிக்கைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க். அவரும் நம்மை மாதிரி எஞ்சினியரிங் மாணவராக இருந்தவர்தான்!

1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. வியாபாரம் நொடித்துப் போனது. மகன் டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கில் சேர்ந்து 1872-ல் வேதிப் பொறியாளராக வெளியே வந்தார். அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கிப் படித்தவர் வான்ட் ஹாஃப். ஆமாம், பின்னாளில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை வாங்கிய அதே வான்ட் ஹாஃப்தான்.

பெய்ஜெரிங்குக்கு மனசு தாவரங்கள் பக்கம் போனது. லெய்டனில் 1877-ல் முனைவர் பட்டம் வாங்கினார். வாகனிங்கன் விவசாயப் பள்ளியில் வாத்தியார் வேலை. அங்கே அடால்ஃப் மேயர் என்பவர் புகையிலை இலைகளில் திட்டுத்திட்டாக வரும் ஒரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெய்ஜெரிங்கும் அதற்கான பாக்டீரியாவைத் தேடினார். கிடைக்கவில்லை. 1885-ல் டெல்ஃப்டில் ஒரு ஈஸ்ட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பத்து வருஷம் கழித்து, தான் படித்த பாலிடெக்னிக்கிலேயே பேராசிரியர் ஆனார்.

பழைய கேள்வி மட்டும் அவரை விடவில்லை. நோய் கண்ட இலையின் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா இல்லாத அந்தத் தெளிந்த சாறும் செடிகளுக்கு நோயைத் தந்தது. ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி 1892-லேயே இதைப் பார்த்திருந்தார். ஆனால் பெய்ஜெரிங்க் ஒரு படி மேலே போனார். ஒரு செடியின் சாறு அடுத்த செடிக்கு, அதன் சாறு அதற்கடுத்த செடிக்கு என்று கொடுத்துக்கொண்டே போனாலும் வீரியம் குறையவில்லை. அப்படியென்றால் அது வெறும் விஷம் இல்லை, செடிக்குள் பெருகுகிறது! 1898-ல் அதை உயிருள்ள தொற்றுத் திரவம் என்று எழுதினார். வைரஸ் என்ற பழைய சொல்லையும் அதற்குப் பயன்படுத்தினார். திரவம் என்றது தப்பு. அது துகள்தான் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் வடிகட்டியில் இறங்குவதுதான் வைரஸின் அடையாளம் என்ற எண்ணம் ஆழமாக வேர்விட்டது.

அவருடைய இன்னொரு சாதனை 'செறிவூட்டு வளர்ப்பு'. ஒரு பிடி மண்ணில் எத்தனையோ வகை நுண்ணுயிரிகள் இருக்கும். நமக்கு வேண்டியதை எப்படிப் பிடிப்பது? தேடிப் போகாதே, அதற்கு மட்டும் பிடித்த சாப்பாட்டை வைத்துக் காத்திரு, மற்றவை தானாகப் பின்தங்கும். நைட்ரஜன் உப்பே சேர்க்காத ஊடகத்தில் மண்ணைப் போட்டு, காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கும் அசோட்டோபாக்டரை 1901-ல் பிரித்தெடுத்தது இப்படித்தான்.

ஆள் சிடுசிடுப்பானவர். மாணவர்களை வார்த்தையால் வறுத்தெடுப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாழ்க்கையே லேப்தான். 70 வயதில், 1921-ல், ஓய்வு பெற்றார். 1931 ஜனவரி 1 அன்று இறந்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைப் பார்க்கும் காலம் வரை அவர் இல்லை.

இப்போது 1992-க்கு வாருங்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நிமோனியா பரவியபோது, ஒரு கூலிங் டவர் தண்ணீரை ஆராய்ந்தார்கள். அதிலிருந்த அமீபாவுக்குள் ஒன்று தெரிந்தது. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிகிறது, கிராம் சாயமும் ஏற்கிறது. அப்போ பாக்டீரியாதானே? பிராட்ஃபோர்ட்காக்கஸ் என்று பெயரும் வைத்தாயிற்று. அது வைரஸ் என்று புரிய 2003 ஆனது. அதுதான் மிமிவைரஸ். மேலிருக்கும் இழைகளையும் சேர்த்தால் சுமார் 0.7 மைக்ரான். 0.2 மைக்ரான் ஃபில்டர் வழியாக எப்படி இறங்கும்? வைரஸ் தேடியவர்கள் வடிந்த நீரை எடுத்துக்கொண்டு, ஃபில்டரில் நின்றதைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராட்சசர்கள் அந்தக் குப்பையோடு போனார்கள்.

இன்று அவற்றை எப்படிப் பிடிக்கிறார்கள்? குளத்து நீர், சேறு, கழிவுநீர் என்று மாதிரி எடுப்பார்கள். அதில் பாக்டீரியாவை அடக்க ஆன்டிபயாடிக் சேர்ப்பார்கள். பிறகு அகாந்தமீபா வளரும் குழிகளில் விட்டுத் தினமும் பார்ப்பார்கள். அமீபா உருண்டு, உடைந்தால் உள்ளே யாரோ பெருகியிருக்கலாம். 2013-ல் சிலியின் கடலோரச் சேற்றிலிருந்தும் மெல்போர்ன் பக்கத்துக் குளத்திலிருந்தும் பண்டோராவைரஸ் கிடைத்தது இந்த அமீபா வழியில்தான். நீளம் ஏறக்குறைய 1 மைக்ரான்!

நன்றாகக் கவனியுங்கள். வேண்டியதற்குப் பிடித்த சாப்பாட்டை வைத்துக் காத்திருப்பது பெய்ஜெரிங்கின் பழைய யோசனைதானே? அவர் பெயரோடு சேர்ந்த வடிகட்டி எதை நம் கண்ணிலிருந்து மறைத்ததோ, அதை அவருடைய இன்னொரு முறையே மீட்டுக் கொடுத்திருக்கிறது. அடுத்த தடவை லேபில் ஃபில்டரைக் கழற்றும்போது, குப்பையில் போடும் முன் மேலே என்ன நிற்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள்.